வீடு திரும்பியவர்களுக்கு ஓர் இடம்

(யூபிலி ஆண்டுக் குடும்ப விழாவில் நம் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



சென்ற ஞாயிறு பூசை முடிந்து கோவில் முற்றத்தில் நம் பங்குக் குடும்பம் ஒன்றைச் சந்தித்தோம். குடும்பத் தலைவர் நம் நாட்டுத் தூதரகங்களில் பணியாற்றியவர். ஒன்பது ஆண்டுகள் அயல்நாடுகளில் வாழ்ந்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறார்கள். "வெளிநாட்டு வாழ்க்கை எப்படியம்மா?" என்று அவர் மனைவியைக் கேட்டோம். அவர் வாய் திறப்பதற்குள் ஒருவர் வந்து பந்தல் கணக்கைப் பற்றிப் பேச, நாமும் அவர் பக்கம் திரும்பிவிட்டோம். அந்தத் தாய் என்ன சொல்ல வந்தார் என்பது இன்றுவரை நமக்குத் தெரியாது. அந்தக் குறை மனத்தை உறுத்துவதால்தான் இன்று இதைப் பற்றிப் பேசுகிறோம்.

'வெளிநாடு போய் வந்தவர்களுக்கு என்ன குறை?' என்று நாம் எண்ணுகிறோம். அங்கே அரசு தந்த வீடு, விருந்துகள், மரியாதை. ஆனால் இவையெல்லாம் பதவிக்குரியவை. 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை தூதர்களுக்குத் தரும் தனிச் சலுகைகள்கூட, பணி முடிந்து அந்நாட்டை விட்டு வெளியேறியதும் முடிந்துவிடுகின்றன. பிறகு வாடகை வீடு தேட வேண்டும். கேஸ் இணைப்புக்கு அலைய வேண்டும். பள்ளியில் பிள்ளைகளுக்கு இடம் கேட்டு நிற்க வேண்டும். கணவருடன் செல்வதற்காக வேலையை விட்ட மனைவிக்கு அந்த வேலை காத்திருப்பதில்லை. தமிழ் எழுத்துக் கூட்டத் தடுமாறும் பையனைப் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். "நாம் எப்போது வீட்டுக்குப் போவோம்?" என்று அவன் கேட்டால் பெற்றோர் என்ன சொல்வார்கள்?

இது செல்லம் கொடுத்து வளர்ந்தவர்களின் சிணுங்கல் அன்று. அந்நிய நாட்டில் வாழ்வோரின் மனநிலை முதலில் உயர்ந்து, பின் தாழ்ந்து, மீண்டும் உயர்கிறது என்று லிஸ்கார்ட் என்னும் நார்வே நாட்டு அறிஞர் 1955இல் எழுதினார். தாய்நாடு திரும்பிய பின்னும் அதே தாழ்வு இன்னொரு முறை வருகிறது என்று 1963இல் அமெரிக்காவின் கல்லஹார்ன் தம்பதியர் எடுத்துக்காட்டினர். போகும்போது கஷ்டம் வரும் என்று எதிர்பார்த்துப் போகிறோம், திரும்பும்போது எதிர்பார்ப்பதில்லை. அதனால் அடி பலமாக விழுகிறது. அமெரிக்க வெளியுறவுத் துறை, தூதரகக் குடும்பங்களுக்கு உதவ 1978இல் தனி அலுவலகமே திறந்தது. அதற்கு வற்புறுத்தியவர்கள் அதிகாரிகளின் மனைவியரே.

நம் திருச்சபையிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2014இல் புனிதராக உயர்த்தப்பட்ட பாப்பரசர் 23ஆம் அருளப்பர், பாப்பிறையின் பிரதிநிதியாக 1925இல் பல்கேரியா சென்றார். பின் துருக்கி, கிரீஸ், பிரான்ஸ் என ஏறத்தாழ 28 ஆண்டுகள் அயல்நாட்டிலேயே கழிந்தன. அவர் இஸ்தான்புலில் இருந்த காலத்தில், 1935இல் தந்தை இறந்தார். 1939இல் தாயும் இறந்தார். 1953இல் வெனிஸ் நகரின் முதுபெரும் தந்தையாக இத்தாலிக்குத் திரும்பியபோது அவருக்கு வயது 71. விட்டுச் சென்ற வீடு அப்படியே இருக்கவில்லை.

ஆனால் அவர் வேரை அறுத்துக்கொள்ளவில்லை. பிறந்த ஊரான சொத்தோ இல் மோந்தேயில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தம் சகோதரிகளைக் குடியமர்த்தி, விடுமுறைதோறும் அங்கே வந்து தங்கினார். குடும்பத்தாருக்குக் கடிதம் எழுதுவதை விடவில்லை. வெனிஸ் மக்களிடம் பேசிய முதல் நாளில், தாம் ஏழைக் குடும்பத்தில் பிறந்ததை முதலில் சொன்னார். கண்ட நாடுகளை அதன் பிறகே குறிப்பிட்டார்.

திரும்பி வந்துள்ள அன்பர்களே, இதில் உங்களுக்கு ஒரு பாடம் உண்டு. "அங்கே இப்படியில்லை" என்று நாளுக்குப் பத்து முறை சொன்னால் கேட்பவர்கள் விலகிப் போவார்கள். நீங்கள் இல்லாத ஆண்டுகளில் இங்கேயும் பிறப்பும் இறப்பும், சண்டையும் சமாதானமும் நடந்திருக்கின்றன. அவற்றை விசாரியுங்கள்.

ஊரிலேயே இருந்த நமக்குப் பொறுப்பு இன்னும் அதிகம். நகோமி மோவாபிலிருந்து பெத்லகேம் திரும்பியபோது ஊர்ப் பெண்கள் அவளை அடையாளம் காணவே தயங்கினார்கள். அவள் தன் மனக்கசப்பை மறைக்காமல் சொன்னாள். நாமோ அதைச் சொல்லக்கூட நேரம் கொடுப்பதில்லை. கேள்வி கேட்டால் பதில் வரும்வரை நிற்போம். அந்தப் பையனை நம் பிள்ளைகள் விளையாட்டில் சேர்த்துக்கொள்ளட்டும். அந்தத் தாய்க்கு மாதர் சபையில் ஒரு வேலை கொடுங்கள். விருந்தாளிக்கு நாற்காலி போடுவோம். வீட்டுப் பிள்ளைக்குத்தான் வேலை சொல்வோம்.

இந்த யூபிலி ஆண்டில் கோவிலுக்கு வெள்ளையடித்தோம், கொடிமரம் புதுப்பித்தோம். நல்லது. திரும்பி வந்தவர் யாரும் கடைசி வரிசையில் தனியே அமர்ந்திருக்கவில்லை என்று சொல்ல முடிந்தால், அதுவே இந்த யூபிலியின் நிறைவாகும். நாமும் இந்த ஞாயிறு அந்தத் தாயைத் தேடிச் சென்று, விட்ட கேள்வியை மறுபடி கேட்கப் போகிறோம். இந்த முறை பதிலை முழுவதும் கேட்போம்.

இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.