வால்நட்சத்திரத்துக்கு மறுநாள்



1946இல் அண்ணல் அம்பேத்கர், அமெரிக்காவில் இருந்த டபிள்யூ. இ. பி. டு பாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். அங்குள்ள கறுப்பின மக்களின் சார்பில் ஐக்கிய நாடுகள் அவைக்குத் தரப்பட்ட மனுவின் படி வேண்டும். அவர்கள் நிலையும் தீண்டப்படாதோர் நிலையும் அவ்வளவு ஒத்திருக்கின்றன என்பது கடிதத்தின் சாரம். டு பாய்ஸும் பதில் எழுதினார். இது நம் மேடைகளில் பேசப்படுவதுதான். அந்த டு பாய்ஸ் 1920இலேயே ஓர் அறிவியல் புனைகதை எழுதினார் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. 'தி காமெட்', அதாவது வால்நட்சத்திரம்.

ஜிம் என்னும் கறுப்பினத்தவர் நியூயார்க் வங்கி ஒன்றில் ஏவல் ஊழியர். நிலத்துக்கு அடியில் இருக்கும் பழைய அறைக்கு அவரை அனுப்புகிறார்கள். மதிப்புள்ள ஆட்களை அந்த ஆபத்தான இடத்துக்கு அனுப்ப மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். திரும்பி மேலே வந்தால், வால்நட்சத்திரத்தின் நச்சுக்காற்றில் நகரமே செத்துக் கிடக்கிறது. நேற்றுவரை தனக்குப் பரிமாற மறுத்திருக்கும் உணவகத்துக்குள் நுழைந்து சாப்பிடுகிறார். இந்த இடத்துக்கு நம் அரங்கில் விளக்கவுரை தேவையில்லை.

பிழைத்த இன்னொருவர், ஜூலியா என்ற செல்வந்தர் வீட்டு வெள்ளைப் பெண். உலகில் மிஞ்சியது இருவர்தான் என்று நம்பும் சில மணி நேரம், அவர் ஜிம்மை மனிதனாகப் பார்க்கிறார். பிறகு ஊர்தி ஒலி. அவருடைய தந்தையும் மணமகனும் வந்துவிடுகிறார்கள். செத்தது நியூயார்க் மட்டும்தான். கூடிய கூட்டத்தில் அடித்துத் தொங்கவிடும் பேச்சு எழுகிறது. தந்தை ஜிம்மின் கையில் பணம் திணிக்கிறார். கடைசியில் ஜிம்மின் மனைவி வருகிறார், இறந்த குழந்தையைச் சுமந்துகொண்டு. உலகம் அழிந்தபோது ஜிம்முக்கு ஒருவேளைச் சோறு கிடைத்தது. உலகம் திரும்பியதும் தூக்குக்கயிறும் திரும்பியது.

ஆஃப்ரோஃபியூச்சரிசம் என்ற சொல் 1990களின் தொடக்கத்தில்தான் வந்தது. மார்க் டெரி என்ற வெள்ளை விமர்சகர் வைத்த பெயர். கடந்த காலமே திட்டமிட்டு அழிக்கப்பட்ட ஒரு மக்கள் கூட்டம் எதிர்காலத்தைக் கற்பனை செய்ய முடியுமா என்று அவர் கேட்டார். கேள்வி பிறப்பதற்கு எழுபது ஆண்டுகள் முன்பே டு பாய்ஸ் பதில் எழுதிவிட்டார்.

இதை ஏன் இங்கே பேசுகிறேன்? நம் எழுத்தாளர்களிடம் பதிப்பகங்களும் பல்கலைக்கழகங்களும் பெரும்பாலும் கேட்பது ஒன்றைத்தான்: உங்கள் வலியை எழுதுங்கள். பாமாவின் 'கருக்கு' திறந்த கதவு எவ்வளவு பெரியது என்று நமக்குத் தெரியும். ஆனால் எந்நாளும் சாட்சிக் கூண்டில்தான் நிற்க வேண்டும் என்றால், நாளைய உலகை வரைந்து காட்டும் வேலை யாருக்கு? மலக்குழியில் ஆள் சாகும் நாட்டில் விண்கலக் கதை எதற்கு என்று ஒரு தோழர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆக்டேவியா பட்லரை வைத்துத்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

பட்லரின் தாய் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தவர். பின்வாசல் வழியாகப் போய்வந்தவர். சிறுமியாக அதைப் பார்த்து பட்லர் வெட்கப்பட்டதுண்டு. தன் வயிற்றுக்குச் சோறு வந்ததே அந்தப் பின்வாசல் வழியாகத்தான் என்று பிறகு புரிந்துகொண்டார். கல்லூரியில் ஒரு கறுப்பின மாணவர், அடங்கிப்போன முந்தைய தலைமுறைமீது கோபம் கொண்டு பேசினார். அதற்கான மறுமொழியாக வளர்ந்தது 1979இல் வந்த 'கிண்ட்ரெட்' நாவல்.

1976இல் கலிஃபோர்னியாவில் வாழும் எழுத்தாளர் டேனா. திடீர் திடீரென்று அடிமை முறை நிலவிய மேரிலாண்டுக்கு இழுக்கப்படுகிறார். கால இயந்திரம் எதுவும் இல்லை. பண்ணையார் மகன் ரூஃபஸ் உயிராபத்தில் சிக்கும் ஒவ்வொரு முறையும் டேனா போய்க் காப்பாற்ற வேண்டும், ஏனென்றால் அவன் அவருடைய மூதாதை. அவன் ஒரு கறுப்பினப் பெண்ணை வல்லுறவுக்கு ஆளாக்கிப் பிறக்கும் குழந்தையின் வழியில்தான் டேனா பிறக்க வேண்டும். அடங்கிப்போனார்கள் என்று முன்னோரை ஏசுகிற யாரும் இந்த இடத்தில் தடுமாறுவார்கள். கடைசியில் டேனா வீடு திரும்புகிறார், இடது கையை இழந்து. முழு உடம்போடு அவரைத் திரும்ப விட பட்லருக்கு மனம் ஒப்பவில்லை. இதைத் தப்பித்தல் இலக்கியம் என்று எப்படிச் சொல்வது?

இசையிலும் இதுதான். அலபாமாவில் பிறந்த சன் ரா, தான் சனிக்கோளிலிருந்து வந்தவர் என்றார். 'ஸ்பேஸ் இஸ் தி பிளேஸ்' படத்தில் ஓக்லண்ட் இளைஞர்களிடம், நானும் உங்களைப் போலவே இல்லாதவன்தான் என்று பொருள்படப் பேசுகிறார். உரிமை கேட்டு நிற்கிறவர் இந்தச் சமூகத்தின் கணக்கில் இல்லாதவர் என்பது அவர் வாதம். டெட்ராய்ட்டின் டிரெக்சியா குழு 1997இல் ஓர் இசைத்தொகுப்பின் உறையில் ஒரு கதை அச்சிட்டது. அடிமைக் கப்பல்களிலிருந்து கடலில் வீசப்பட்ட கர்ப்பிணிகளின் குழந்தைகள் நீருக்குள்ளேயே மூச்சுவிடக் கற்று ஒரு நாடு அமைத்தார்கள் என்பது கதை. வீசப்பட்டது கற்பனை அல்ல. 1781இல் ஸாங் என்ற பிரிட்டிஷ் கப்பலிலிருந்து 130க்கும் மேற்பட்டோரை உயிரோடு கடலில் எறிந்துவிட்டு, சரக்கு நட்டம் என்று காப்பீடு கேட்டார்கள்.

'பிளாக் பாந்தர்' படத்தை (2018) பலரும் பார்த்திருப்பீர்கள். காலனியம் தொடாத கறுப்பின நாட்டைத் திரையில் கண்ட மகிழ்ச்சி உண்மையானது. எனக்கு அதில் ஒரு குறை. அவ்வளவு தொழில்நுட்பம் இருந்தும் வகாண்டாவுக்கு ஒரு மன்னர் வேண்டியிருக்கிறது. ஓக்லண்ட் தெருவில் கைவிடப்பட்ட பையன் வில்லனாகிறான். ஆண்ட பரம்பரைப் பேச்சை நம் ஊரிலும் நிறையக் கேட்கிறோம். அரியணை இருந்தால் அடியில் யாரோ இருக்கத்தான் வேண்டும்.

பட்லரின் 'பாரபிள் ஆஃப் தி சோவர்' நாவலில் அரியணை இல்லை. 1993இல் வெளிவந்த அதில் கதை தொடங்குவது 2024இல். நீர் விலை ஏறி, ஊர்கள் எரிந்து, வீட்டை இழந்த லாரன் என்ற கறுப்பின இளம்பெண் நெடுஞ்சாலையில் வடக்கே நடக்கிறார். பையில் விதைகள். வழியில் ஒவ்வொருவராகச் சேர்கிறார்கள். பல இனத்தவர், கடன் அடிமைகளாக இருந்து தப்பியவர்கள். ஒதுங்க இடம் தரும் என்று நம்பி வந்த நிலத்தில் வீடு எரிந்து கிடக்கிறது, சாம்பலில் எலும்புகள். அங்கேயே தங்க முடிவு செய்கிறார்கள். வழியிலும் ஊரிலும் இறந்த தங்கள் மக்களை நினைவுகூர்ந்து கருவாலி மரங்களை நடுகிறார்கள். அந்த இடத்துக்குக் கருவாலி விதையின் பெயரையே வைக்கிறார்கள்.