பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் செலவு உண்டு

(அயலகத் தமிழர்களுக்கான விழிப்புணர்வுக் கூட்டத்தில், நகராட்சி வருவாய்ப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற அலுவலர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நீங்கள் குடியிருப்பது துபாயிலோ சிங்கப்பூரிலோ ஒரு வாடகை அறையில். சொந்த வீடு இருப்பதோ இங்கே. வீடு கட்ட எவ்வளவு ஆச்சு என்று கேட்டால் பைசா சுத்தமாகக் கணக்குச் சொல்வீர்கள். கட்டிய பிறகு வருஷத்துக்கு எவ்வளவு ஆகுது என்று கேட்டால், "பூட்டித்தானே சார் கிடக்கு, என்ன செலவு?" என்பீர்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நான் பணியில் இருந்தபோது குவைத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். ஒரு மாத விடுப்பு. மகள் கல்யாணத்துக்கு வீட்டின் பேரில் வங்கிக் கடன் வாங்க வேண்டும். வங்கியில் நடப்பு ஆண்டு வீட்டு வரி ரசீது கேட்டார்கள். அம்மா இருந்தவரை அவரே போய் வரி கட்டிவிடுவார். அம்மா போன பிறகு ஒன்பது அரையாண்டு பாக்கி. அதைக்கூட ஒரே நாளில் கட்டிவிடலாம். ஆனால் வரிவிதிப்பு இன்னும் அவருடைய அப்பா பெயரில் இருந்தது. அப்பா இறந்து பத்து வருஷம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, தங்கையின் சம்மதம், பெயர் மாற்ற விண்ணப்பம் என்று அலைந்ததில் விடுப்பு முடிந்துவிட்டது. கடைசியில் வெளியே வட்டிக்கு வாங்கித்தான் கல்யாணத்தை முடித்தார். அந்தக் கோப்பைக் கையில் வாங்கியவன் நான். விதியை மீறி என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. அவர் முகம் இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

முதலில் சொத்து வரி. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளில் இது அரையாண்டு வரி. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. ஏப்ரல் மாதத்திலும் அக்டோபர் மாதத்திலும், முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கிடைக்கும். அதிகபட்சம் 5,000 ரூபாய். தாமதமானால் மாதத்துக்கு 1 சதவீதம் வட்டி. ஊக்கத்தொகை வாங்குவதும் வட்டி கட்டுவதும் உங்கள் கையில்தான் இருக்கிறது. இணையத்திலேயே கட்டலாம், உங்களுக்குத் தேவை வரிவிதிப்பு எண் மட்டும்தான். இன்றே பழைய ரசீதைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் யார் பெயர் இருக்கிறது என்றும் பாருங்கள்.

அடுத்து குடிநீர்க் கட்டணம், பாதாளச் சாக்கடைக் கட்டணம். குழாயைத் திறக்காவிட்டாலும் இவை ஏறிக்கொண்டே இருக்கும். மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. மீட்டர் பூட்டிய கேட்டுக்குள் இருந்தால் கணக்கெடுக்க வருபவர் என்ன செய்வார்? மீட்டர் வெளியிலிருந்து தெரியும்படி வையுங்கள். மின் கணக்கில் உங்கள் கைபேசி எண்ணைப் பதிந்தால் குறுஞ்செய்தி வந்துவிடும். அடுக்குமாடி என்றால் மாதப் பராமரிப்புத் தொகை தனி. இதையெல்லாம் தாண்டி கரையான், ஒழுகும் மொட்டை மாடி, சுண்ணாம்பு என்று கட்டடம் கேட்கிற செலவும் உண்டு. ஆள் புழங்காத வீடு சீக்கிரம் பழுதாகும் என்பது உங்களுக்கே தெரியும்.

"வாடகைக்கு விட்டால் செலவு தீர்ந்துவிடுமே" என்பீர்கள். நல்ல யோசனைதான். ஆனால் இங்கே பலருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். வீட்டுக்காரர் வருமான வரிக் கணக்கில் வெளிநாடு வாழ் இந்தியர் என்றால், வாடகைக்கு இருப்பவர் வரியைப் பிடித்தம் செய்துதான் வாடகை தர வேண்டும். கூடுதல் தீர்வையும் சேர்த்துச் சாதாரணமாக 31.2 சதவீதம். சின்ன வாடகை என்பதற்காக விலக்கு கிடையாது. பிடிக்காமல் விட்டால் வாடகைதாரர் தலையில்தான் விடியும்.

ஒரு கணக்குப் போடுவோம். மாதம் 12,000 ரூபாய் வாடகை என்றால் வருஷத்துக்கு 1,44,000. பிடித்தம் 44,928 ரூபாய். "அய்யோ, மூன்றில் ஒரு பங்கு போச்சே" என்று பதற வேண்டாம். நீங்கள் கட்டிய வீட்டு வரி 4,000 ரூபாயை முதலில் கழியுங்கள், மீதி 1,40,000. அதில் 30 சதவீதம், அதாவது 42,000 ரூபாய், பராமரிப்புக்கென்று சட்டமே கழித்துத் தருகிறது. மிச்சம் 98,000. இந்தியாவில் உங்களுக்கு வேறு வருமானம் இல்லையென்றால் இது வரி வரம்புக்குள் வராது. கணக்குத் தாக்கல் செய்தால் பிடித்த பணம் திரும்பி வரும். தாக்கல் செய்யாவிட்டால் வராது, அவ்வளவுதான். குறைந்த விகிதத்தில் பிடிக்கச் சொல்லி வருமான வரித் துறையிடம் முன்கூட்டியே சான்றிதழும் வாங்கலாம். இன்னொன்று கவனித்தீர்களா? வீட்டு வரியை உண்மையில் கட்டியிருந்தால்தான் கழிக்க முடியும். ரசீது இங்கேயும் உதவுகிறது.

நீங்கள் வாழும் நாட்டையும் பாருங்கள். அமீரகத்தில் தனிநபர் வருமான வரி இல்லை. அமெரிக்காவில் இருப்பவர்களோ இந்த வாடகையை அங்கேயும் கணக்கில் காட்ட வேண்டும். இங்கே கட்டிய வரிக்கு அங்கே வரவு கேட்கலாம்.

வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை ஆணையத்தில் பதிவு செய்யுங்கள். 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள சட்டம் அதைத்தான் சொல்கிறது. உறவினருக்கு அதிகாரப் பத்திரம் கொடுப்பதானால், இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்புங்கள். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கமும், "எங்கிருந்தும் எந்நேரமும்" தளத்தில் பட்டாவும் பார்த்துவிடுங்கள். உங்களுக்குத் தெரியாமல் எதுவும் மாறியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். விமானம் ஏறும் முன்பு ஒரு வெள்ளைத்தாளில் வரிவிதிப்பு எண், குடிநீர் இணைப்பு எண், மின் இணைப்பு எண், பட்டா எண், ஒவ்வொன்றுக்கும் கட்ட வேண்டிய மாதம், இவற்றை எழுதுங்கள். ஒரு பிரதி உங்களிடம், ஒன்று வீட்டுப் பெரியவர்களிடம் இருக்கட்டும். குவைத் தம்பியின் வீட்டில் அந்த விவரமெல்லாம் அம்மாவின் நினைவில் மட்டும்தான் இருந்தது. உங்கள் வீட்டில் அப்படி விட்டுவிடாதீர்கள்.