மண்ணுக்கு மூன்று இரவு

இன்று பட்டம் பெறும் பிள்ளைகளே,

நான் தம்பலகாமத்துக் கமக்காரரின் மகன். அறுவடை முடிந்ததும் அப்பா எருவுக்காக வயலில் மாட்டுப்பட்டி அடைப்பார். ஓரிடத்தில் மூன்று இரவு. பிறகு பட்டியைப் பிரித்து அடுத்த துண்டுக்கு மாற்றுவோம். பல்கலைக்கழக விடுமுறையில் வந்திருந்த நான், ஒரு மூட்டை யூரியா போட்டால் இவ்வளவு பாடு இல்லையே என்றேன். அப்பா கட்டையை அடித்துக்கொண்டே சொன்னார்: "மண் தன்ர நேரத்துக்குத்தான் தின்னும் தம்பி. நாங்கள் ஊட்டலாம், விழுங்க வைக்கேலாது."

அதற்கான விளக்கத்தைப் பின்னர் மண்ணியலில் படித்தேன். 100 கிலோ யூரியாவில் 46 கிலோ நைதரசன் உண்டு. அதே எடையுள்ள காய்ந்த எருவில் ஒன்றிரண்டு கிலோதான்; அதையும் நுண்ணுயிர்கள் மெல்ல மெல்லத்தான் விடுவிக்கும். ஆனால் எரு மண்ணைக் கட்டியெழுப்பும். அதனால்தான் சேதன விவசாயத்தை இன்றும் நம்புகிறேன்.

ஆனால் 2021 மே மாதம், இலங்கை முழுவதையும் ஒரேயடியாகச் சேதன விவசாயத்துக்கு மாற்றவென்று, ஒரு வர்த்தமானி அறிவித்தல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தது. நவம்பரில் தடை தளர்ந்தபோது பெரும்போகம் தொடங்கிவிட்டது. விளைச்சல் விழுந்தது. சீனாவிலிருந்து 20,000 தொன் சேதனப் பசளையோடு ஒரு கப்பல் வந்தது. மாதிரிகளில் தீங்கான பக்றீரியா இருப்பதாகச் சொல்லி அதை ஏற்க மறுத்தோம். சரக்கு இறங்காமலே 67 இலட்சம் டொலர் கட்டினோம். பிள்ளைகளே, மண்வளம் கப்பலில் வராது.

மற்ற நாடுகள் என்ன செய்தன? டென்மார்க் 1987இல் சேதன விவசாயத்துக்கென்றே சட்டம் இயற்றி, மாற முன்வந்த விவசாயிக்கு உதவிப்பணம் கொடுத்தது. வாங்குபவர் நம்புவதற்கு அரச முத்திரையும் வந்தது. இந்தியாவின் சிக்கிம் 2003இல் முடிவெடுத்து, உர மானியத்தைப் படிப்படியாகக் குறைத்து, 2016இல்தான் முழுச் சேதன மாநிலமானது. அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள். நாங்கள் கமக்காரருக்கு ஒரு போகம்கூடக் கொடுக்கவில்லை. பூட்டான்கூட முழுச் சேதன நாடாகும் தன் இலக்கை 2035க்குத் தள்ளிவைத்திருக்கிறது. அது தோல்வியல்ல, பொறுப்பு.

எங்கள் கமக்காரர் சேதன விவசாயத்துக்கு எதிரியல்லர். காலமும் காசும் சந்தையும் கொடுக்காமல் கட்டளை மட்டும் கொடுத்ததுதான் பிழை.

உங்களில் சிலர் நாளை அதிகாரிகளாவீர்கள். விவசாயம் பற்றிய எந்தச் சுற்றறிக்கையிலும் கையெழுத்திடுமுன், ஒரு போகம் முழுக்கக் கந்தளாயிலோ மூதூரிலோ ஒரு கமக்காரரோடு வயலில் நில்லுங்கள். அவர் பேச்சைக் கேட்ட பிறகு பேனாவை எடுங்கள்.