பச்சைத் தேநீரும் நம் இதயமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



விருத்தாசலத்தில் செராமிக் படித்தவன் தேநீர்க் கோப்பையைப் பற்றிப் பேசலாம். தேநீரைப் பற்றி ஏன் பேசுகிறான் என்று நினைக்கலாம். நம் சீனியர்களில் பலர் இப்போது பி.பி. மாத்திரை சாப்பிடுகிறார்கள். "கிரீன் டீ குடிச்சா ஹார்ட்டுக்கு நல்லதாமே, மாத்திரையை விட்டுடலாமா?" என்று ஓர் அண்ணன் என்னிடமே கேட்டார். அதனால்தான் இந்தத் தலைப்பு.

பச்சைத் தேயிலையும் கறுப்புத் தேயிலையும் ஒரே செடியின் இலைதான். இலையைக் கசக்கிக் காற்றுப்பட விட்டால் ஆக்சிஜனேற்றம் நடந்து கறுக்கும். பறித்ததும் ஆவியிலோ வாணலியிலோ சூடு காட்டினால் அது நின்றுவிடும். பச்சைத் தேயிலை கிடைக்கும். சூளையில் ஆக்சிடேஷன், ரிடக்ஷன் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்படிக் காப்பாற்றப்படும் பொருள்களே கேட்டசின்கள். அவற்றில் முக்கியமானது இ.ஜி.சி.ஜி.

இதய செல் சுருங்குவதும் தளர்வதும் கால்சியத்தால்தான். கால்சியம் பெருகினால் செல் சுருங்கும், குறைந்தால் தளரும். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 லட்சம் முறை இது நடக்கிறது. 2012-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மிக நுண்ணிய அளவு இ.ஜி.சி.ஜி.யே எலியின் இதய செல்லில் கால்சியப் போக்கை மாற்றி, சுருங்கும் வலுவைக் கூட்டியது தெரிந்தது. ஆக, விஷயம் வெறும் விளம்பரம் அல்ல.

ஆனால் டெஸ்ட் பீஸ் நன்றாக வந்தால் சூளை முழுக்க நன்றாக வந்துவிடுமா? எலி செல் வேறு, மனிதர் வேறு. நாம் குடிப்பதில் சிறு பகுதியே ரத்தத்தில் சேருகிறது. ஜப்பானில் ஓசாகி பகுதியில் 40,530 பேரைத் தொடர்ந்து கவனித்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், தினம் 5 கோப்பையோ அதற்கு மேலோ குடித்தவர்களிடம் இதய, ரத்தக்குழாய் நோய் மரணம் குறைவாக இருந்தது. நல்ல செய்திதான். ஆனால் அது கவனித்துப் பார்த்த கணக்கு. தேநீர்தான் காரணம் என்ற நிரூபணம் அல்ல.

இன்னொரு பக்கமும் உண்டு. ஜப்பானில் 10 பேரிடம் நடத்தி 2014-ல் வெளியிட்ட ஆய்வில், பச்சைத் தேநீருடன் சாப்பிட்ட நாடோலால் என்னும் பி.பி. மாத்திரை ரத்தத்தில் சேருவது ஏறத்தாழ 85 சதவீதம் குறைந்துவிட்டது. எல்லா மாத்திரைக்கும் இப்படியே என்று அர்த்தமில்லை. ஆனாலும் கேட்டுக்கொள்ள வேண்டிய விஷயம். அடுத்தது, கேப்ஸ்யூல். நாளைக்கு 800 மி.கி. அல்லது அதற்கு மேல் இ.ஜி.சி.ஜி. கேப்ஸ்யூலாகச் சாப்பிட்டால் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் தெரியலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018-ல் எச்சரித்தது.

ஆகவே என் வேண்டுகோள் நான்குதான். பிடித்திருந்தால் பச்சைத் தேநீர் குடியுங்கள். கேப்ஸ்யூல் வாங்குமுன் டாக்டரைக் கேளுங்கள். அவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். தேநீர் குடிப்பதையும் அவரிடம் சொல்லுங்கள். அடுத்த சந்திப்பிலும் நம் வரிசையில் ஒரு நாற்காலிகூடக் காலியாக இருக்கக் கூடாது.