பெயர் அறியாத பூச்சிகள்



குடிபெயர்தல் தமிழ் இலக்கியத்துக்குப் புதிய பொருளன்று. ஊரைப் பிரிந்தவரின் துயரமும், வழிநடையின் வெம்மையும், சேர்ந்த இடத்தின் தனிமையும் காலந்தோறும் பாடப்பட்டே வந்துள்ளன. ஆயினும், புது வீட்டில் முதன்முதல் விளக்கேற்றிய இரவில் சுவரில் வந்து அமரும் பெயர் தெரியாத பூச்சியைப் பாடியவர் மிகச் சிலரே. அந்தச் சிற்றுயிரே இன்றைய பேச்சின் பொருள்.

கள்ளக்குறிச்சி மண், வந்து சேர்ந்தவர்களின் மண். பாரி மறைந்தபின் பறம்பு மலையை விட்டு அவன் மகளிரோடு கபிலர் வந்து சேர்ந்தது திருக்கோவலூர்ப் பக்கம் என்பது வழிவழிச் செய்தி. பெண்ணையாற்றில் உள்ள பாறை இன்றும் கபிலர் குன்று எனப்படுகிறது. கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களும், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்றே தம் வாய்மொழிக் கதைகளில் கூறுகின்றனர். 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயற்படத் தொடங்கியது. புதிய அலுவலகங்களோடு புதிய குடும்பங்களும் வந்தன. ஆக, இங்கே எல்லாரும் ஒரு காலத்தில் புதியவர்களே.

காவிரிக் கரையிலிருந்து மாற்றலாகி வெள்ளிமலைக்கு வரும் ஓர் ஆசிரியரின் வீட்டைக் கற்பனை செய்து பார்க்கலாம். சொந்த ஊரில் அவருக்குக் கரப்பானும் கொசுவும் கட்டெறும்பும் பழக்கமான பகைவர்கள். எது கடிக்கும், எது கடிக்காது, எதற்கு அஞ்ச வேண்டும் என்பது பாட்டி மடியில் கற்ற பாடம். மலையில் அந்தப் பாடம் பாதி செல்லாது. மழை ஓய்ந்த மாலையில் விளக்கை மொய்க்கும் கூட்டத்தில் அவருக்குத் தெரிந்தது ஈசல் ஒன்றுதான். கேட்டால், "பூச்சிங்க சார்" என்பதே விடை. பூச்சி என்ற சொல்லோ எல்லையற்றது. இரவில் பாம்பின் பெயரைச் சொல்ல அஞ்சுவோர் அதையும் பூச்சி என்றே சொல்லிவிடுவர்.

பெயர் தெரியாத அந்த நிலையில் கை இரண்டு தவறுகளைச் செய்யும். ஒன்று, நசுக்குவது. மற்றொன்று, மருந்தடிப்பது.

நசுக்குவதன் விளைவுக்கு ஒரு பூச்சியே சான்று. பார்வைக்கு எறும்பு போன்றது. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த நீளம். செம்மஞ்சளும் கறுப்புமாக மாறிமாறி வரும் உடல். பெடரஸ் என்பது அறிவியலார் இட்ட பெயர். மழைக்காலத்தில் நெல்வயலிலிருந்து விளக்கொளி தேடி வீட்டுக்குள் வரும். அது கடிப்பதில்லை, கொட்டுவதுமில்லை. கழுத்தில் ஊர்வதை உணர்ந்து ஒருவர் அடித்து நசுக்கினால்தான் அதன் உடல்நீரிலுள்ள நஞ்சு தோலில் படுகிறது. ஒன்றிரண்டு நாளில் தீக்கோடு இழுத்ததுபோல் எரிச்சலும் கொப்புளமும் தோன்றும். காரணம் அறியாதவர், சிலந்தி சிறுநீர் கழித்துவிட்டது என்பர். சிலந்தியோ ஒரு பாவமும் அறியாதது. வாயால் ஊதித் தள்ளிவிட்டு, பட்ட இடத்தைச் சோப்பு நீரால் கழுவினால் போதும். இதே பூச்சிதான் வயலில் நெல்லின் சாறுறிஞ்சும் பூச்சிகளைத் தின்று உழவனுக்குத் துணை நிற்கிறது. வயலில் நண்பன், வீட்டில் நசுக்கியவனுக்கு நெருப்பு.

மருந்தடிக்கும் தவறு இதனினும் பெரிது. நஞ்சுக்குப் "பூச்சிமருந்து" என்று பெயரிட்ட மொழி தமிழ். அந்த ஒரு சொல்லே பலரை ஏமாற்றிவிடுகிறது. மருந்து என்ற பெயர் இருப்பதால், வயலுக்கு வாங்கியதை வீட்டுக்குள் தெளிக்கக் கை கூசுவதில்லை. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் எலிக்காக வைத்த நஞ்சு, மூடிய வீட்டில் உறங்கிய இரு பிஞ்சுக் குழந்தைகளின் உயிரைக் கொண்டுபோனது. விரட்ட நினைத்தது எதை, போனது எது என்று எண்ணும்போது நெஞ்சு நடுங்குகிறது. தொட்டில் கட்டிய வீட்டில் அச்சத்தைவிட அறிவே முதலில் குடிபுக வேண்டும்.

இனி, விட்டுவிட வேண்டியவையும் உண்டு. சுவர் மூலையில் மண்ணுருண்டை வைத்துக் கூடு கட்டும் குளவி அவற்றுள் ஒன்று. அது கூடு கட்டிய வீட்டில் குழந்தை பிறக்கும் என்பது தாய்மார் நம்பிக்கை. புழுவைக் கொட்டிக் கொட்டித் தன் உருவாக்கிவிடும் என்பது ஞானநூலார் கையாண்ட உவமை. உண்மை வேறு. குளவி புழுவைச் செயலிழக்கச் செய்து கூட்டில் அடைக்கிறது; அங்கே இட்ட முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு அதுவே உணவு. உவமை பொய்த்தாலும் கூட்டிலிருந்து வெளிவருவது குளவிதான். தாய்மார் அதைக் கலைக்காமல் விட்டது நன்றே. கம்பளிப்புழுவைக் கட்டுப்படுத்தும் காவலாள் அது.

கறையானைத் தொல்காப்பியம் சிதல் என்று குறித்து, எறும்போடு சேர்த்து மூவறிவுயிரில் வைத்தது; கண்ணறிவை நண்டுக்கும் தும்பிக்கும் அடுத்த படியில்தான் அளித்தது. புத்தக அலமாரியை அரிக்கும் வேலைக்காரக் கறையான் பெரும்பாலும் கண்ணற்றதே என்று இன்றைய அறிவியலும் கூறுகிறது. அதே புற்றிலிருந்து மழைக்குப் பின் சிறகோடு எழும் ஈசலுக்குக் கண் உண்டு. அதனால்தான் விளக்கைத் தேடி வருகிறது. ஆசிரியர் விளக்கை அணைத்துவிட்டு அரைமணி காத்திருந்தால் கூட்டம் கலைந்துவிடும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோ அதை வாரியெடுத்துப் பொரியோடு வறுத்துத் தின்பர். ஒருவருக்குத் தொல்லை, மற்றொருவருக்குத் தின்பண்டம்.

விட்டுவிடக் கூடாதது ஒன்றும் உண்டு. அதை ஆசிரியரே கொண்டுவந்திருக்கவும் கூடும். பாயிலும் பெட்டியிலும் மூட்டைப்பூச்சி ஒளிந்து பயணம் செய்யும். நீர்த்தொட்டியின் உட்சுவரில் ஒட்டிய ஏடிஸ் கொசுவின் முட்டை, நீர் வற்றிய பின்னும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆப்பிரிக்காவில் தோன்றி மனிதரின் தண்ணீர்ப் பாத்திரங்களோடு உலகைச் சுற்றிவந்த கொசு அது. அந்தத் தொட்டியை அழுந்தத் தேய்த்துக் கழுவாமல் மலையேற்றினால், மலைக்குப் புதிய பூச்சியாவது அவர் கொண்டுவந்ததே.

ஊருக்கே புதிய பூச்சி வந்த கதையும் அண்மையில் நிகழ்ந்தது. இந்த மலையடிவாரத்து உழவரின் வாழ்வு மரவள்ளிக் கிழங்கைச் சார்ந்தது. தென் அமெரிக்காவிலிருந்து கிழங்கு முன்பே வந்துவிட்டது. அதன் மாவுப்பூச்சி பின்னாலேயே வந்தது. 1970-களில் ஆப்பிரிக்காவைத் தாக்கிய அது, 2020-இல் கேரளத்தில் காணப்பட்டுத் தமிழகத்துக்கும் பரவியது. அதற்கு விடையாகக் கிடைத்தது நஞ்சன்று, மற்றொரு பூச்சி. அனகைரஸ் லோபெசி என்னும் மிகச் சிறிய குளவியை 2021-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் வரவழைத்தது. 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் அது வயலில் விடப்பட்டது. எந்தப் பூச்சி எதற்குப் பகை என்று பெயரிட்டு அறிந்தவர்கள் இருந்ததாலேயே அது கைகூடிற்று.

பெயரிடுவது கவிஞரின் தொழிலும் அன்றோ? குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களைப் பெயர் சொல்லி அடுக்கியவர் கபிலர். தும்பி, சுரும்பு, ஞிமிறு, வண்டு என்று நுண்ணிதின் வேறுபடுத்திப் பேசியது பழந்தமிழ். இன்றோ எல்லாம் பூச்சி என்ற ஒரு சொல்லில் அடங்கிவிட்டன. மலைத்தேன், கொம்புத்தேன், கொசுத்தேன் என்று தேனைப் பிரித்தறியும் மலைவாழ் முதியவர், ஒவ்வொன்றையும் தரும் ஈயையும் அறிவார். விதைத் தினையை அடுப்புப் புகைபடும் இடத்தில் ஏன் வைக்கிறார் என்று கேட்டால் அந்துப்பூச்சியின் வரலாற்றையே சொல்லுவார். கேட்பார் இல்லாவிட்டால் அப்பெயர்கள் அவரோடு மறையும்.

இவ்வட்டத்தின் அடுத்த பத்தாண்டுக்கு இது ஒரு வேலையாக அமையலாம். வெள்ளிமலையிலும் சங்கராபுரத்திலும் சின்னசேலத்திலும் வழங்கும் பூச்சிப் பெயர்களை, அவற்றைச் சொல்லும் வாயிலிருந்தே கேட்டுத் தொகுக்கலாம். பட்டியல் ஒன்று உருவானால், அடுத்து மலையேறும் ஆசிரியர் கையை ஓங்குமுன் ஒரு கணம் நிற்பார். அந்த ஒரு கணத்தில் ஒரு பூச்சி பிழைக்கும்; சில வேளைகளில் ஒரு குழந்தையும் பிழைக்கும்.