ஒறுப்பைக் குறைக்கும் உரிமை



குற்றத்தை ஆராய்ந்து ஒறுப்பை வரையறுப்பது முறைமன்றத்தின் கடன். அவ்வொறுப்பை நிறுத்தி வைப்பதும் குறைப்பதும் மாற்றுவதும் அரசின் கடன். முன்னது செய்த குற்றத்தை நோக்குகிறது. பின்னது பல்லாண்டுச் சிறைக்குப் பின் எஞ்சி நிற்கும் மாந்தனை நோக்குகிறது. திருவள்ளுவர் செங்கோன்மையை 55ஆம் அதிகாரமாகவும் கண்ணோட்டத்தை 58ஆம் அதிகாரமாகவும் வகுத்து, இரண்டையும் அரசியலிலேயே வைத்தார். இரக்கம் இல்லறத்தார்க்கு மட்டும் உரிய பண்பன்று, ஆட்சிக்கும் உறுப்பாகும்.

இந்திய அரசியல் சட்டத்தின் 72ஆம் பிரிவு குடியரசுத் தலைவர்க்கும், 161ஆம் பிரிவு ஆளுநர்க்கும் இவ்வதிகாரத்தை அளிக்கின்றன. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 432, 433ஆம் பிரிவுகள் இதனை அரசுக்கு அளித்தன. 1.7.2024 முதல் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்தில் அவை 473, 474ஆம் பிரிவுகளாக உள்ளன.

வாணாள் சிறையென்றால் பதினான்கு ஆண்டே என்று மக்கள் கருதுகின்றனர். அது பிழை. வாணாள் சிறை, வாணாள் முடியும் வரையிலான சிறையே என்று உச்ச முறைமன்றம் 1961இல் தெளிவாக்கியது. கொலை முதலிய கொடுங்குற்றங்களுக்கு வாணாள் சிறை பெற்றவரை, நடைமுறைச் சட்டத்தின் வழியில், பதினான்கு ஆண்டு கழியுமுன் விடுவித்தல் கூடாதென்பதே 1978இல் வந்த வரம்பு. அரசு ஆணையிடாவிடின், அவ்வாண்டுகள் கழிந்தும் கதவு தானே திறவாது. ஒருவனது எஞ்சிய வாழ்வு முழுவதும் ஒரு கையொப்பத்தில் தொங்குகிறது.

அக்கையொப்பம் எவர் அறிவுரைப்படி இடத்தக்கது? அமைச்சரவையின் அறிவுரைப்படியே ஆளுநர் நடத்தல் வேண்டுமென்று 1980ஆம் ஆண்டின் மாருராம் வழக்கில் உச்ச முறைமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் நடந்ததென்ன? இராசீவு காந்தி கொலை வழக்கில் சிறைப்பட்ட பேரறிவாளன் முதலிய எழுவரையும் விடுவிக்குமாறு தமிழக அமைச்சரவை 9.9.2018இல் பரிந்துரைத்தது. ஈராண்டுக்கு மேல் ஆளுநர் முடிவு கூறவில்லை. பின்னர் 2021இல் கோப்பைக் குடியரசுத் தலைவர்க்கு அனுப்பினார். இறுதியில் உச்ச முறைமன்றமே 142ஆம் பிரிவைக் கையாண்டு 18.5.2022இல் பேரறிவாளனையும், 11.11.2022இல் ஏனை அறுவரையும் விடுவித்தது. மக்கள் தேர்ந்த அமைச்சரவையின் சொல் மூன்று ஆண்டு எட்டுத் திங்கள் பயனற்றுக் கிடந்தது. மறுப்பதாயின் மறுத்துரைக்கலாம், வாளாவிருத்தல் ஆட்சியாகாது.

இனி, அரசு விரும்பியவரையெல்லாம் விடுவிக்கலாமோ என்பார்க்கும் விடை வேண்டும். 2002ஆம் ஆண்டுக் குசராத்துக் கலகத்தில் கூட்டு வன்புணர்ச்சியும் கொலைகளும் புரிந்து வாணாள் சிறை பெற்ற பதினொருவரை அம்மாநில அரசு 15.8.2022இல் விடுவித்தது. வழக்கு நடந்தது மராட்டியத்தில். ஆதலின் குசராத்து அரசுக்கு அவ்வதிகாரமே இல்லையென்று உச்ச முறைமன்றம் 8.1.2024இல் அவ்வாணையை நீக்கி, அவர்களை மீண்டும் சிறைபுகச் செய்தது. இரக்கம் வேண்டியவர்க்கு வழங்கும் சலுகையன்று. துன்புற்றார் கண்ணீரையும் எண்ணி, நெறியொடு ஆளத்தக்க பொறுப்பு.

காவலும் சிறையும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. சிறையாளிக்குச் சோறிடுவதும் அவன் திருந்தினானா என்று காண்பதும் மாநில அரசே. எனினும் நடுவண் அமைப்புகள் புலனாய்ந்த வழக்குகளில், கலந்தறிதல் என்ற பழஞ்சொல்லுக்கு இசைவு பெறுதல் என்றே 2015இல் பொருள் கூறப்பட்டது. புதுச் சட்டத்தின் 477ஆம் பிரிவு அவ்விசைவையே எழுதி வைத்தது. திறவுகோல் மாநிலத்திடம், திறக்கும் உரிமை தில்லியிடம்! 161ஆம் பிரிவு ஒன்றே மாநிலத்திற்கு எஞ்சிய வழி. அவ்வழியும் ஆளுநர் மாளிகையில் அடைபடின், மாநில ஆட்சி என்பதற்குப் பொருளென்ன?

விதிமுறை வகுத்துள்ள மாநிலங்கள், தகுதியுடைய சிறையாளி வேண்டுகை தாராவிடினும் தாமே முன்வந்து கருத வேண்டுமென்றும், முடிவுக்குரிய கரணியத்தை எழுத வேண்டுமென்றும் உச்ச முறைமன்றம் 18.2.2025இல் பணித்தது. எழுத்தறியா ஏழைக்கு இஃது அரண். அக்கரணியம் அவனுக்கு விளங்கும் தமிழில் அமைதல் வேண்டும். குறித்த காலத்துக்குள் அவன் கையில் சேர்தல் வேண்டும். தான் ஏன் விடப்படவில்லை என்பதைத் தன் தாய்மொழியில் அறியும் உரிமை சிறைக்குள்ளும் உண்டு. அதனைக் கேட்டுப் பெறுதல் வெளியே இருப்போர் கடமை.