கடைசி எழுத்தைப் பூச்சி தின்றது!

(படிப்பக ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



கந்தல் நூலொன்றைக் கையில் ஏந்தி நிற்கிறேன். திரு.வி.க. அவர்களின் ‘பெண்ணின் பெருமை’ இது. முதன்முதலாக 1927இல் வெளிவந்த நூல். என் கையிலுள்ள படிக்கு அட்டை இல்லை. இறுதி எட்டுப் பக்கங்கள் இல்லை. பதிப்பாண்டு இருந்த மூலை கிழிந்துவிட்டது. மிச்சத்தை இராமபாணப் பூச்சி துளைத்திருக்கிறது.

திருவல்லிக்கேணி நடைபாதையிலே, பழைய நூல் விற்கும் பெரியவர் 50 ரூபாய் என்றார். பிரித்தார்; முதல் ஏட்டிலே ஒரு கையெழுத்தைக் கண்டார்; 500 என்றார்! நூல் அதே நூல், கிழிசல் அதே கிழிசல். விலையோ பத்து மடங்கு! ஆசை யாரை விட்டது? கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து சோதித்தேன். அச்சுக்கட்டையால் பதித்த ஒப்பமாயின், எல்லாப் படிகளிலும் ஒரே அச்சாக இருக்கும். இதுவோ பேனா மை. தாளில் ஊறி மறுபக்கம் தெரிகிறது. கையால் எழுதியதே! ஆனால் எவர் கையால்?

“கலியாணசுந்தர” என்பது வரை தெளிவு. முன்னும் ஓட்டை, பின்னும் ஓட்டை! திரு.வி.க. தம் பெயரைக் ‘கலியாணசுந்தரன்’ என்றே எழுதுவார். ‘ன்’ எனில் நூலாசிரியர்; ‘ம்’ எனில் நூலை வாங்கிய யாரோ ஒரு கலியாணசுந்தரம்! அந்த ஓர் எழுத்தைத்தான் பூச்சி தின்றுவிட்டது. பதிப்பாண்டு 1953க்குப் பிற்பட்டது எனத் தெரிந்தாலாவது, அவ்வாண்டு மறைந்தவர் இதில் ஒப்பமிட்டிருக்க முடியாது எனத் துணிந்திருப்பேன். அந்த மூலையும் போயிற்று! அவர் கையெழுத்தின் படத்தோடு ஒப்பிட்டேன். ஒருநாள் ஒத்தது, மறுநாள் ஒவ்வவில்லை.

செய்தி பரவிற்று. செல்வர் ஒருவர் வந்தார். “5,000 தருகிறேன். இது அவர் கையெழுத்தே என்று ஒரு வரி எழுதிக் கொடும்” என்றார். நாடகத் திரைச்சீலைக்கு நான் பட்ட கடன் அப்போது 4,000! கை நடுங்கிற்று, தோழர்களே! மேடையிலே உண்மை பேசு எனப் பாத்திரங்களுக்கு வசனம் எழுதும் கை, தாளிலே பொய்யை எழுதுவதா? “தெரியாது என்று வேண்டுமானால் எழுதித் தருகிறேன்” என்றேன். சிரித்தார், சென்றார். கடன் நின்றது, நானும் நின்றேன்!

அன்றிரவுதான் நூலை முதன்முறையாகப் படித்தேன். ஆம், வெட்கத்தோடு சொல்கிறேன், அதுவரை கையெழுத்தைப் பார்த்தேனேயன்றி நூலைப் பார்த்தேனில்லை! ஓரங்களிலே பென்சில் எழுத்து. கடினமான சொல்லுக்கெல்லாம் பொருள் குறித்திருந்தார் எவரோ ஒருவர். பத்துப் பக்கத்துக்கொருமுறை, “இன்று இதுவரை” என்ற குறிப்பு. பகலெல்லாம் உழைத்து, இரவிலே எழுத்தோடு போராடிய ஏழையோ! அடுப்படி வேலை முடித்து ஏடு தொட்ட தாயோ! யாரறிவார்? பள்ளி இறுதித் தேர்வை எழுத இயலாது போனவர் திரு.வி.க.; 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்தபோது வாடியாவோடு தோள்கொடுத்து நின்றவர். அவர் யாருக்காக எழுதினாரோ, அவரிடம் நூல் போய்ச் சேர்ந்ததற்குச் சான்று அந்தப் பென்சில் கோடுகளே! ஆசிரியரின் ஒப்பம் ஐயத்துக்குரியது. வாசகரின் ஒப்பத்தில் ஐயமேயில்லை!

கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான். பாதியில் நின்ற நூலைக் கண்டதும் மனம் பொறுக்கவில்லை. நூலகம் சென்றேன், வேறொரு பதிப்பைக் கண்டேன், இல்லாத எட்டுப் பக்கங்களையும் கையால் எழுதி இதிலே தைத்திருக்கிறேன்.

இதை இன்று இப்படிப்பகத்துக்கு அளிக்கிறேன். கண்ணாடிப் பேழையில் பூட்டாதீர்! படிக்கக் கொடுங்கள். கையெழுத்து உண்மைதானா என்று எவரேனும் வினவினால், “தெரியாது” என்று தலைநிமிர்ந்து சொல்லுங்கள். பின்னர், அவர் கையிலே ஒரு பென்சிலைக் கொடுங்கள்.